இருபத்தோராவது தட்டு

எதுக்குத் தம்பி மறைக்கிறீங்க? விளையாடுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க விருதுநகர்ல ஏறினதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். ஆளு வந்தா துண்டை எடுத்து அந்த வீடியோ கேம் பெட்டி மேல போட்டுக்கிறீங்க, ஆளு போனா வெளிய எடுத்துக்கிறீங்க. டி.டி.ஆர். வந்தப்போ டிக்கெட்டைத் தேடுனதைவிட அதை ஒளிக்கத்தான் ரொம்பப் பாடுபட்டீங்க. தலை நரைச்சா என்ன? நரைச்சவன் கதை கேக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கா? எனக்கு அம்பத்து நாலு வயசு. நானும் அதை ஆடுனவதான். உங்களுது கொஞ்சம் பெருசா இருக்கு, எனக்கு இருந்தது இதைவிடச் சின்னது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அய்யய்யோ, அந்த வீட்டுக்குள்ள போகாதீங்க. பாருங்க, பானையை உடைச்சிட்டீங்க. எல்லாரும் இதைத்தான் செய்றீங்க. நான் என் ஆட்டத்துல ஒரு வீட்டுப் பானையைத் தொட்டதில்லை தம்பி. ஆட்டத்துல நாம ஓட்டுற அந்தப் பையன் யார் வீட்டுக்குள்ள வேணாலும் நுழையலாமாம், பெட்டியைத் திறந்து காசு, மருந்து எல்லாத்தையும் எடுத்துக்கலாமாம். வீட்டுக்காரி பக்கத்துலயே நின்னுக்கிட்டு 'இன்னைக்குக் காத்து நல்லா வருது'ங்கிறா. எனக்கு மனசு வரலை. என் மக தலையில அடிச்சுக்குவா. "அம்மா, எடுக்கத்தாம்மா வச்சிருக்கான். எடுக்கலைன்னா மருந்து இல்லாமச் செத்துப்போவே"ம்பா. செத்தேன். எத்தனையோ தடவை செத்தேன். ஆனா அடுத்தவ அடுப்படியில கை வைக்கலை.

மேல் பெர்த்துல படுத்திருக்காளே, அவதான் என் மக. தாரணி. காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் தூங்குறா, நாம பேசுறது ஒண்ணும் கேக்காது. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்தான் ஆகுது. தென்காசியில குடுத்திருக்கோம். மாப்பிள்ளை மரக்கடை வச்சிருக்காரு, நல்ல பையன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாரு. இப்போ நானும் அவளும் பெங்களூருக்குப் போறோம். ஏன் போறோம்னு கேட்டா, அந்தப் பெட்டிக்காகத்தான். சிரிக்காதீங்க. ஊரே சிரிச்சு முடிச்சாச்சு.

போன ஐப்பசியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விட்டுப்போச்சு. கட்டுப் போட்டுப் படுக்க வச்சுட்டாக. எங்க வீட்டுக்காரருக்குக் கோயில்பட்டியில ஹார்டுவேர் கடை. காலையில போனா ராத்திரிதான் வருவாக. டி.வி. சீரியல்ல மாமியாக்காரி மருமக பால்ல எதையாவது கலந்துக்கிட்டே இருக்கா, எனக்கு வெறுத்துப்போச்சு. அப்போதான் தாரணி அந்தப் பெட்டியைக் கையில குடுத்தா. அவ படிப்பை முடிச்சதுக்கு என் தம்பி சிங்கப்பூர்ல இருந்து வாங்கிட்டு வந்தது. "சும்மா ஆடிப் பாரும்மா, கதை நல்லா இருக்கும்"னா.

கதை என்னன்னா, ஒரு நாடு. கடல் கொஞ்சம் கொஞ்சமா அந்த நாட்டு ஊரையெல்லாம் தின்னுக்கிட்டு வருது. ஒரு படகுக்காரப் பையன் அது ஏன்னு கண்டுபிடிக்கக் கிளம்புறான். அவனுக்குப் பேரு நாமதான் வைக்கணும். நான் என் பேரையே வச்சேன். செண்பகவல்லின்னு அடிச்சா இடம் பத்தலை, வல்லியை வாங்க மாட்டேன்னுருச்சு. சரி, செண்பகம்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். மீசை முளைக்காத பையன், கையில வாளு, பேரு செண்பகம். ராஜா கூப்பிடுறாரு, 'செண்பகம், இந்த நாட்டைக் காப்பாத்து'ன்னு. தம்பி, கல்யாணமாகி வந்ததுல இருந்து என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவுக 'ஏய்'ம்பாக. நாத்தனா 'மதினி'ம்பா. தெருவுல 'தாரணி அம்மா'. ராஜா என் பேரைச் சொன்னதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு, இதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்.

இங்கிலீஷ் எனக்கு வரும். பி.காம். படிச்சவ நான். வேலைக்கா? யாரு அனுப்புனா? பாங்கு பரிச்சைக்கு அப்ளிகேஷன் வாங்கி வச்சிருந்தேன், அதுக்குள்ள பொண்ணு பாக்க வந்துட்டாக. 'கல்யாணம் முடிச்சுட்டு எழுதிக்கோ'ன்னாரு எங்கப்பா. அதை விடுங்க, அது எதுக்கு இப்போ. வாசிப்பேன், ஆனா வேகமா வராது. தாரணி பக்கத்துல உக்காந்து கடின வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொல்லுவா. அவ காலேஜ் போனதுல இருந்து நாங்க ரெண்டு பேரும் அப்படி உக்காந்து பேசுனதே இல்லை. கால் ஆறின பெறகும் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டு ரெண்டு வாரம் படுத்திருந்தேன்.

அப்போ அவளுக்கு பெங்களூர்ல வேலை ஆர்டர் வந்திருந்துச்சு. அதே சமயம் இந்தத் தென்காசி வரனும் வந்துச்சு. நான் வேலை வேணாம்னு சொல்லவே இல்லை. நல்லாக் கேட்டுக்கங்க, நான் தடுக்கலை. "கல்யாணத்தை முடிச்சுக்கோட்டி, பெறகு அவுக வீட்டுல கேட்டுக்கிட்டு என்ன வேணாலும் செய்"னுதான் சொன்னேன். எல்லாத் தாயும் சொல்றதுதானே? இதுல என்ன தப்பு? அவளும் சரின்னுட்டா. கம்பெனிக்காரன்கிட்ட ஏதோ எழுதிப் போட்டு அவகாசம் வாங்கிக்கிட்டா.

நம்ம கதைக்கு வாங்க. அதுல ஒரு துறைமுக ஊரு. அங்க ஒரு சத்திரம். சத்திரக்காரி நல்ல மனுசி, செண்பகத்துக்குக் காசு வாங்காமப் படுக்க இடம் குடுப்பா, கஞ்சி குடுப்பா. அவளுக்கு ஒரே மக, எல்னா. நட்சத்திரத்தைப் பாத்துக் கப்பலை ஓட்டுற படிப்பு படிச்சவ. தெக்க போற கப்பல்ல அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு. தாய்க்காரி செண்பகத்துக்கிட்ட வந்து அழுவுறா. 'நீ சொன்னா கேப்பா, போகாதேன்னு சொல்லு'ங்கிறா. அந்தப் புள்ளையும் வந்து எதுக்க நிக்குது. கீழ ரெண்டே வார்த்தை வருது. ஒண்ணு 'இரு'. இன்னொண்ணு 'போ'. அழுத்துனா அழுத்துனதுதான், மாத்த முடியாது.

மூணு நாள் நான் எதையும் அழுத்தலை. சோறு இறங்கலை. அவுககிட்ட கேட்டேன், "ஏங்க, எல்னாவைப் போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா"ன்னு. "யாரு எல்னா, நம்ம தெருவா?"ன்னாக. பால்காரம்மாகிட்ட கேட்டேன். "பொம்பளப் புள்ளையைக் கடல்ல விடுவாகளா"ன்னுட்டா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். பால்காரம்மா மேல இல்லை, அந்தச் சத்திரக்காரி மேல. எதுக்குடி உன் மகளைப் படிக்க வச்சே? சத்திரத்துக் கூரையில உக்காந்து நட்சத்திரத்தை எண்ணவா? பக்கத்துல வச்சுக்கிட்டா பத்திரமா இருப்பான்னு நெனைக்கிறியே, பத்திரம் அவளுக்கா உனக்கா? இப்படிச் சத்தமாவே திட்டுனேன். தாரணி பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. நான் 'போ'ன்னு அழுத்திட்டேன்.

அந்தப் புள்ள முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. பொம்மைதான், படம்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் எனக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு. தாரணி கேட்டா, "அவளை மட்டும் போகச் சொல்லிட்டியேம்மா"ன்னு. "பெறகு யாரைச் சொல்றது? அவதானே கப்பலுக்குக் கிளம்பி நிக்கிறா"ன்னேன். எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா. அன்னைக்கு அவளுக்கு என்னவோ தலைவலி, ராத்திரி சரியாச் சாப்பிடக்கூட இல்லை.

அதுக்கப்புறம் சத்திரக்காரி செண்பகத்துக்கிட்ட பேசுறதில்லை. கதவைச் சாத்திக்கிட்டா. படுக்க இடம் இல்லை, கஞ்சி இல்லை, மருந்துக்கும் வழியில்லை. பானையும் உடைக்க மாட்டேன். கஷ்டப்பட்டேன் தம்பி. ஆனா ஒரு நாளும் நான் செஞ்சது தப்புன்னு நெனைக்கலை. பெறகு ஒரு மீனவன் சொன்னான், தெக்க பெரிய புயலு, கப்பல் ஒண்ணு திசை தெரியாமத் தட்டுக்கெட்டுப் போச்சுன்னு. எந்தக் கப்பல்னு சொல்லலை. அதைத் தெரிஞ்சுக்கணும்னா தெக்குத் துறைமுகத்துக்கு நடந்து போகணும். நடுவுல மலை, காடு, ஓநாய், என்னென்னமோ. நான் ஒவ்வொண்ணா அடிச்சு, செத்து, மறுபடி எந்திரிச்சு நடந்தேன். ராஜா, நாடு எல்லாம் எனக்கு மறந்தே போச்சு. அந்தப் புள்ள கரை சேந்துச்சா இல்லையா, எனக்குத் தெரிய வேண்டியது அது ஒண்ணுதான்.

இன்னும் ரெண்டு மலை தாண்டினா துறைமுகம். அதுக்குள்ள கல்யாணம் வந்துருச்சு.

மணப்பொண்ணோட அம்மா மண்டபத்துக்கு ஆட்டப்பெட்டியைக் கொண்டுபோவாளான்னு கேக்காதீங்க. கொண்டுபோனேன். பையில புடவைக்கு அடியில வச்சிருந்தேன். சார்ஜ் இல்லைன்னு பொண்ணு அறையில ப்ளக்குல சொருகி வச்சேன். நான் செஞ்சது அவ்வளவுதான்.

எங்க பக்கம் சீர்த்தட்டு ஒத்தப்படையில இருக்கணும். இருபத்தொண்ணுன்னு பேச்சு. பழம், பூ, மஞ்சள், வெல்லம், பலகாரம், புடவைன்னு அடுக்குற பொறுப்பு என் நாத்தனா அமுதாவுக்கு. எங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி. எந்தக் கல்யாணத்துலயும் அவ இல்லாம ஒண்ணும் ஓடாது, அவளும் ஓட விட மாட்டா. கடைசி நேரத்துல எண்ணிப் பாத்தா இருபதுதான் இருக்கு. யாரோ வெல்லத்தையும் கல்கண்டையும் ஒரே தட்டுல கொட்டி வச்சுட்டாக. மாப்பிள்ளை வீட்டாரு எதுக்க வந்து நிக்கிறாக, நாயனக்காரரு ஊத ஆரம்பிச்சுட்டாரு. இரட்டைப்படையில சீரு போனா ஆகுமா? அமுதா மணப்பொண்ணு அறைக்கு ஓடி வந்து சுத்திமுத்திப் பாத்திருக்கா. ப்ளக்குல பளபளன்னு ஒரு பெட்டி. உருவி எடுத்து, காலித் தட்டுல வச்சு, சுத்திவர சாக்லேட்டை அடுக்கி, கண்ணாடித்தாளைச் சுத்தி, சிவப்பு ரிப்பனையும் கட்டிட்டா.

நான் மேடைக்குப் பக்கத்துல நிக்கிறேன். தட்டு தட்டா வருது. கடைசித் தட்டை அமுதா மக ஏந்திக்கிட்டு வர்றா. பாத்தா உள்ள என் பெட்டி! கத்த முடியுமா? நாயனம் ஊதுது, வீடியோக்காரன் விளக்கை என் மூஞ்சியிலயே அடிக்கிறான், நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். என் கண்ணு முன்னாலயே அதைக் கொண்டுபோய் சம்பந்தியம்மா காலடியில வச்சாக. சௌந்தரம்னு பேரு அவுகளுக்கு. அவுக அதைப் பாத்துட்டுப் பக்கத்துல இருந்தவுககிட்ட, "மாப்பிள்ளைக்குப் பெரிய செல்லு வச்சிருக்காக"ன்னு பெருமையாச் சொல்றாக.

அன்னைக்குச் சாயந்தரம் பொண்ணை அனுப்பிட்டு நான் அழுதேன். பொண்ணைப் பிரிஞ்சு அழுவுறேன்னு எல்லாரும் தேத்துனாக. அதுக்கும்தான் அழுதேன்.

அவுககிட்ட சொன்னேன், "ஏங்க, போன் போட்டு அதைக் கேளுங்க"ன்னு. "சீர்ல வச்சதைத் திருப்பிக் கேக்குறதா? ஊருல தலை காட்ட முடியுமா? விடு, புதுசு ஒண்ணு வாங்கித் தர்றேன்"னாக. நல்ல மனுசன்தான், வாங்கியும் தருவாக. "புதுசுல என் கதை இருக்குமா? மறுபடி படகுல இருந்து கிளம்பணும், மறுபடி எல்னா என் எதுக்க வந்து நிப்பா, மறுபடி நான் மூணு நாள் சாகணுமா?"ன்னு கேட்டேன். அவுகளுக்கு ஒண்ணும் புரியலை. அமுதா வந்து, "மதினி, ஆட்டச் சாமானுக்காகச் சம்பந்தி வீட்டோட மனஸ்தாபம் பண்ணிக்காதீங்க, சின்னப்புள்ளை மாதிரி"ன்னா. செஞ்சது அவ, புத்தி எனக்கு!

தாரணிகிட்ட போன்ல கேட்டேன். "ஏட்டி, பெட்டியை எடுத்து அந்த ரெண்டு மலையை மட்டும் நீயாவது தாண்டிச் சொல்லேன்"னேன். "அத்தை ஷோகேஸ்ல வச்சுப் பூட்டிட்டாங்கம்மா"ன்னா. "வேலைக்குக் கேட்டியா?"ன்னேன். "கேட்டேன். ஆனி போகட்டும்னாங்க. இப்போ ஆடி போகட்டும்ங்கிறாங்க. கம்பெனியில இனிமே தேதி தர மாட்டாங்களாம்"னா. "சரி, அவுக சொல்றதும் நியாயம்தானே, கொஞ்சம் பொறு"ன்னேன். நான் எப்பவுமே யாருக்கும் நடுவுல போய் நிக்க மாட்டேன் தம்பி, அது என் சுபாவம்.

ஆடி வந்துச்சு. புதுப்பொண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வரணும்ல, நான், அவுக, அமுதா மூணு பேரும் காரு வச்சுக்கிட்டுத் தென்காசிக்குப் போனோம். போகும்போதே முடிவு பண்ணிட்டேன், பெட்டி இல்லாமத் திரும்புறதில்லைன்னு.

ஹால்ல நுழைஞ்சதும் எதுக்கத்தான் அந்த ஷோகேஸ். தலையாட்டி பொம்மை, கண்ணாடித் தாஜ்மஹால், பிளாஸ்டிக் ரோசாப்பூ. நடுத்தட்டுல என் பெட்டி, கட்டுன ரிப்பன்கூட அவுக்கலை. பக்கத்துல தாரணி பட்டம் வாங்குன போட்டோ, கறுப்பு அங்கியும் தொப்பியுமா. வர்றவுககிட்டயெல்லாம் சம்பந்தியம்மா அதைக் காட்டி, "எங்க மருமக இன்ஜினியரு"ன்னு சொல்லுவாகளாம். தாரணி பலகாரத் தட்டோட வந்தா. இளைச்சுப் போயிருந்தா. நைட்டிக்கு மேல துண்டு போட்டுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிரலை. சின்ன வயசுல என்கிட்ட அப்படி வாயாடுவா தம்பி.

காப்பியைக் குடிச்சுட்டு நான் நேராக் கேட்டேன். "சம்பந்தியம்மா, அந்தப் பெட்டி தெரியாமச் சீர்ல வந்துருச்சு. அது என் பெட்டி. நான் அதுல பாதிக் கதையில நிக்கிறேன். அதுக்குப் பதிலா வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொண்டுவந்திருக்கேன்"னு எடுத்து வச்சேன். அமுதா என் தொடையைக் கிள்ளுறா. எங்க வீட்டுக்காரரு மின்விசிறியையே பாக்குறாக. சம்பந்தி பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு.

சம்பந்தியம்மா சிரிச்சாக. "நீங்களா? இந்த வயசுலயா?"ன்னாக.

"இந்த வயசுலதான்"னேன்.

"அதுக்கில்ல, சீர்ல வந்த பொருளு வீட்டைவிட்டு வெளிய போகக்கூடாது. எங்க குடும்பத்துல அது வழக்கமில்லை."

"யாரும் தொடாமப் பூட்டித்தானே வச்சிருக்கீங்க?"

"பூட்டி வச்சா என்ன? நல்லாத்தானே இருக்கு. தூசி பட்டுச்சா, உடைஞ்சுச்சா?"

மாப்பிள்ளை வாசப்படியில நின்னுக்கிட்டு, "குடுத்துருங்கம்மா"ன்னாரு. அன்னைக்கு அவரு பேசுன முதல் வார்த்தை. சம்பந்தியம்மா இடுப்புல இருந்த சாவிக்கொத்தை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டாக. பெறகு சொன்னாக, "குடுத்தா குடுத்ததுதான் சம்பந்தியம்மா. பொருளா இருந்தாலும் சரி, பொண்ணா இருந்தாலும் சரி."

தாரணி அப்போதான் நிமிந்து பாத்தா. சம்பந்தியம்மாவை இல்லை, என்னை. நான் என்ன சொல்லப்போறேன்னு பாத்தா.

எந்திரிச்சேன். "சரி, பொருளை நீங்களே வச்சுக்கங்க. நல்லாப் பூட்டி வையுங்க, தூசி படாம. இந்தக் குங்குமச்சிமிழையும் சேத்து உள்ள வையுங்க. பொண்ணை ஆடிக்கு அழைச்சுக்கிட்டுப் போறது உங்க குடும்பத்துல வழக்கம் உண்டுல்ல? இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க"ன்னேன். "அதுக்கென்ன, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க, ஆவணி ஒண்ணாந்தேதி கொண்டுவந்து விட்டுருங்க"ன்னாக.

தாரணி அஞ்சு நிமிசத்துல கிளம்பிட்டா. ஒரு மாசத்துக்கு அம்மா வீட்டுக்கு வர்றவ, பெரிய பெட்டி, சின்னப் பெட்டி, தோள்பை, எல்லாம் ஏற்கெனவே கட்டி ரெடியா இருக்கு. மாப்பிள்ளைதான் தூக்கிட்டு வந்து காருல வச்சாரு. ஜன்னலோரமா வந்து, "போய்ச் சேந்ததும் மெசேஜ் போடு"ன்னு அவகிட்ட மெதுவாச் சொல்றாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இந்தா இருக்கற கோயில்பட்டிக்கு இவ்வளவு கவலையா? அப்பாவிப் பையன்.

காரு சங்கரன்கோயிலைத் தாண்டிருச்சு. எனக்கு ஆத்திரம் அடங்கலை. பெட்டியும் போச்சு, மானமும் போச்சு. அப்போ தாரணி கேக்குறா. "அம்மா, ஆடி முழுக்க நான் உன்கூட இருக்கணும், அதானே வழக்கம்?"

"ஆமா."

"நீ எங்க இருந்தாலும்?"

"ஆமா, தாய் இருக்கற இடம்தானே தாய்வீடு"ன்னேன். சொல்லி வாயை மூடலை, எனக்கு ஒரு யோசனை உதிச்சுச்சு பாருங்க! எனக்குத்தான் உதிச்சுச்சு. நானே தாரணிகிட்ட சொன்னேன், "ஏட்டி, நான் பெங்களூர்ல என் சித்தி மக வீட்டுல போய் ஒரு மாசம் இருந்தா? நீயும் எங்கூடத்தானே இருந்தாகணும்?"னு. அவ வாயைப் பொத்திக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா. அழுதாளா சிரிச்சாளா, தெரியலை. "கம்பெனியில கேட்டுப் பாக்கட்டுமாம்மா?"ன்னா. கேட்டா. துணிப்பெட்டியில பாத்தா அவ சர்டிபிகேட் அத்தனையும், ஒரிஜினல் எல்லாம், கையோட எடுத்து வச்சிருக்கா. என் மக எப்பவும் அப்படித்தான், எதுக்கும் தயாரா இருப்பா. வர்ற திங்கக்கிழமைதான் கடைசித் தேதியாம், அன்னைக்குச் சேரணும்.

அமுதா குதிச்சா. "பெட்டியைத் தரலைன்னு பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்குறீங்களே மதினி"ன்னா. நீங்களே சொல்லுங்க, நான் எங்க கெடுத்தேன்? ஆடிக்கு அழைச்சேன். எங்கூட வச்சிருக்கேன். இதுல எந்த வழக்கத்தை நான் மீறுனேன்? வேலைக்கு அனுப்பணும்னு நான் இதைச் செய்யலை தம்பி, என் பெட்டியைத் தர மாட்டேன்னாகளே, அந்த ரோசத்துக்குச் செஞ்சேன். தந்திருந்தா நான் பாட்டுக்கு என் வீட்டுல உக்காந்து மலையைத் தாண்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

எங்க வீட்டுக்காரருதான் பாவம். கோயில்பட்டி ஸ்டேஷனுக்கு வந்து ரெண்டு தண்ணி பாட்டிலை வாங்கிக் குடுத்துட்டு, வண்டி கிளம்புற வரைக்கும் நின்னாக. "சம்பந்தி வீட்டுல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"னாக. "கடையில கூட்டமா இருக்குன்னு சொல்லுங்க"ன்னேன். பெறகு ஜன்னலுக்குள்ள கையை விட்டுத் தாரணி தலையைத் தடவுனாக. அதெல்லாம் அவுக செய்யுற ஆளே இல்லை.

என்ன தேடுறீங்க போன்ல? அந்தக் கதையோட முடிவா? வேணாம், வேணாம், கீழ வையுங்க. எல்னா கரை சேந்தாளான்னு நீங்க படிச்சுச் சொல்லி நான் தெரிஞ்சுக்க வேணாம். நானே நடந்து போய்ப் பாத்துக்குவேன். அந்தப் பெட்டி என்னுது, இன்னைக்கு இல்லைன்னா என்னைக்காவது வாங்கத்தான் போறேன். புயல்ல போயிருந்தாலும் நான் அழுத்துனதை மாத்த மாட்டேன். அவ எதுக்க வந்து நின்னா, நான் 'போ'ன்னேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இருங்க, எனக்குப் போன் வருது. யாரு பாருங்க, கண்ணாடி பையில இருக்கு. தென்காசியா? சம்பந்தியம்மாவேதானா? குடுங்க இங்க. எதுக்கு எடுக்காம இருக்கணும், எனக்கென்ன பயமா?

சொல்லுங்க சம்பந்தியம்மா. இல்ல, இனிமேத்தான் சாப்பிடணும். இருக்கா, நல்லா இருக்கா, எங்கூடத்தான் இருக்கா. சத்தமா? ரயில் சத்தம். ஆமா, ரயில்லதான் இருக்கோம். பெங்களூருக்கு. ஆமா, உங்க காதுல சரியாத்தான் விழுந்துச்சு. ஆடிக்குப் பொண்ணு தாயோட இருக்கணும், இருக்கா. தாய் எந்த ஊருல இருக்கணும்னு நீங்க சொல்லலியே? கோவப்படாமக் கேளுங்க. ஆவணிக்கு என்னவா? அதை என்கிட்ட கேட்டா நான் எப்படிச் சொல்ல முடியும்? உங்க மகன்கிட்ட கேளுங்க. என்னது? அவரு அங்க பக்கத்துல நின்னுக்கிட்டுச் சிரிக்கிறாரா? எதுக்குச் சிரிக்கிறாரு? சரி, இருங்க. போனை வைக்காதீங்க. யாரைக் கேக்கணுமோ அவகிட்டயே தர்றேன்.

ஏட்டி தாரணி. எந்திரி. என்னட்டி, முழிச்சுத்தான் இருக்கியா? காதுல பாட்டுக் கேக்கலியா நீ? எவ்வளவு நேரமா முழிச்சிருக்கே? சரி சரி, அப்புறம் சிரிச்சுக்கலாம். இந்தா, உங்க அத்தை. என்ன சொல்லணும்னு என் மூஞ்சியை ஏன் பாக்குறே? அதுல ஒண்ணும் எழுதியில்லை. போனை வாங்கு.

பேசுறா தம்பி. கொஞ்சம் இருங்க, கேப்போம்.

கேட்டீங்களா? 'அத்தை, திங்கக்கிழமை நான் வேலையில சேருறேன்'ங்கிறா. கேக்கலை, சொல்றா. குரல் கொஞ்சங்கூட நடுங்கலை பாருங்க. நான் சொல்லிக் குடுக்கலை தம்பி. சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கலை.